இருபத்துநாலில் ஒன்று குறைந்தது

ஐம்பத்துநாலு வயதுக்காரனை அலுவலக வேலையாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்றால், ஒன்று அவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். இல்லையென்றால், மற்ற கெட்டிக்காரர்கள் எல்லாரும் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பங்குனி வெயிலில் நான் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாவது காரணத்தால்.

பெங்களூரில் விமானம் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் பரிசோதகன். இறக்கைக்குத் தகடு பொருத்தும் பிரிவு. காலையில் மற்றவர்கள் அடித்த ரிவெட் ஆணிகளைப் பார்த்துக் குறை சொல்வேன். மதியத்துக்கு மேல் பயிற்சிப் பள்ளியில் பையன்களுக்கு ரிவெட் அடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. மூட்டு வலியும் காதிரைச்சலும் கூடவே வளர்ந்துவிட்டன.

பாளையங்கோட்டையைத் தாண்டி ஒரு தனியார் தொழிற்பள்ளியில் விமானத் தகடு வேலைக்கு வகுப்பு தொடங்கியிருந்தார்கள். அது தரமாக இருக்கிறதென்று நான் எழுதிக்கொடுத்தால், அங்கே படிக்கும் பையன்களை எங்கள் தொழிற்சாலை பயிலுநர்களாக எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு வரத்தான் நான்கு நாள்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வெளியே ஓர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் மேலப்பாளையத்துக்காரர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று முதல் திருப்பத்துக்குள் தெரிந்துகொண்டார்.

"ஏரோப்ளேன் செய்யுத எடமா? எம் மச்சான் துபாய் ஏர்போர்ட்டுல பெட்டி ஏத்துதான். நீங்க செய்யுதிய, அவன் அதுக்குள்ள பெட்டிய ஏத்துதான். பாத்தா ரெண்டு பேரும் ஒரே வேலைதான்."

ஆட்டோவின் முன்சக்கரத்து மட்கார்டைக் கம்பியால் கட்டியிருந்தார். அது ஒவ்வொரு பள்ளத்திலும் படபடவென்று அடித்துக்கொண்டது. பழக்க தோஷம், எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு ரிவெட் அடித்தால் சரியாகிவிடுமே என்றேன்.

"ரெண்டு வருசமா இந்தக் கம்பிதான் தாங்குது. அதுவே ஒண்ணும் சொல்லல, நீங்க எதுக்கு வருத்தப்படுதிய?" என்றார்.

ஆற்றுப்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. அவர் இறங்கி எதையோ உதைத்துச் சரிசெய்யும் வரை தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனியிலும் ஆற்றில் தண்ணீர் ஓடியது. எங்கள் தெருவில் குழாயில் வாரத்துக்கு மூன்று நாள்தான் தண்ணீர். பொறாமையாக இருந்தது.

தொழிற்பள்ளியின் தாளாளர் பிரமநாயகம் பிள்ளை. ஊரே அவரை அண்ணாச்சி என்றது. ஆற்றுக்கால் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயலில் பாதியை விற்றுத்தான் பள்ளி கட்டியிருந்தார். தகடு வேலைப் பட்டறை மட்டும் பழைய கொட்டகையில் நடந்தது. முன்பு நெல் மூட்டை அடுக்கின இடமாம். கூரையிலிருந்து இன்னும் உமித்தூசி உதிர்ந்துகொண்டிருந்தது. போனதும் எனக்குத் தும்மல் ஆரம்பித்தது.

"நீங்க சரின்னு எழுதிட்டா கிளாஸ் நடக்கும் சார்வாள்," என்றார் அண்ணாச்சி. "இல்லன்னா ஜூன்ல இந்தக் கொட்டகைய ஏசி போட்டு கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கிருவேன். இப்ப எல்லாப் பயலும் அதத்தான் கேக்கான். உள்ளதச் சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய."

கம்ப்யூட்டர் சென்டர் வந்தால் வேலை போகப்போகிறவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பயிற்றுநர் சேசையா. உவரிக்காரர், நாற்பது வயதிருக்கும். குவைத்தில் விமானப் பழுதுபார்க்கும் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, சண்டை வந்தபோது ஒரு பெட்டியோடு ஊருக்குத் திரும்பியவர். அண்ணாச்சி பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கருவிப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்குத் தும்மல்கூட நின்றுவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை நீல வர்ணத்தில் எழுதி, அதன்மேல் அந்தந்தக் கருவியைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் நீல உருவம் பல் இளிக்கும். விமானப் பட்டறைகளில் இப்படித்தான் வைப்போம். கீழே ஒரு மரக்கட்டையில் இருபத்துநாலு துளைகள், தகட்டில் ஓட்டை போடும் டிரில் பிட்டுகள் இருபத்துநாலு. ஒவ்வொன்றின் காம்பிலும் எண் பொறித்திருந்தது.

"வர்ணம்?" என்றேன்.

"படகுக்கு அடிக்கது சார். மிச்சம் கெடந்துச்சு."

எட்டுப் பையன்கள். ஆளுக்கொரு கிழிந்த தகடு கொடுத்து ஒட்டுப்போடச் சொன்னேன். அவர்கள் அளந்து குறிப்பதற்குள் நான் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, லென்ஸ் வைத்து முனையைப் பார்த்தேன். நன்றாகத் தீட்டியிருந்தார். இதைச் சொல்லியிருக்கலாம்தான். பரிசோதகனுக்கு நல்லது சொல்ல வாய் வருவதில்லை.

அதற்குள் அண்ணாச்சி சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் சொதி. தேங்காய்ப்பாலில் காய்களைப் போட்டுச் செய்வது, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். எங்கள் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே சாம்பாரைச் சாப்பிட்டுவந்த வயிறு அதைக் கண்டு திகைத்தது. மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது இலையை மறைத்தேன். "ஊத்துனாத்தான் ஆச்சு, தேங்காப்பால் ஒண்ணும் செய்யாது" என்று என் விரல்களின் மேலேயே ஊற்றிவிட்டார்.

மாலை நாலரைக்கு வேலை முடிந்தது. பையன்களில் ஆறு பேர் நன்றாகவே செய்திருந்தார்கள். சேசையா பலகைக்கு முன் போய் நின்று, "எண்ணுங்கலே" என்றார். பையன்கள் சத்தமாக எண்ணினார்கள். டிரில் பிட்டுக் கட்டையில் இருபத்துமூன்று வந்தது. மறுபடி எண்ணினார்கள். இருபத்துமூன்று. பதினேழாம் எண் இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வழிதான். கிடைக்கும் வரை யாரும் வெளியே போகக்கூடாது, எந்தத் தகட்டையும் மூடக்கூடாது. இறக்கைக்குள் மறந்துபோய் விட்ட ஒரு சின்ன இரும்பு, விமானம் சாயும்போதெல்லாம் உருளும். என்றாவது ஒருநாள் கட்டுப்பாட்டுக் கம்பி ஓடும் கப்பியில் போய்ச் சிக்கும். அதன்பிறகு மேலே இருப்பவர்கள் கீழே எப்படி வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இன்னொரு விதியும் உண்டு. தொலைத்தவன் தானே வந்து சொன்னால் அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. மறைத்தால் மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சேசையா பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தார். பெஞ்சுகளைப் புரட்டினார். குப்பையைச் சல்லடையில் சலித்தார். கடைசியில் பையன்களை வரிசையாக நிறுத்தி, சட்டைப்பைகளைத் தடவிப் பார்த்தார். நான் என் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீதிபதி மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க பிள்ளைய களவாங்காது சார்வாள். ஒத்த டிரில் பிட்டு, கடையில போனா ஒண்ணுக்குப் பத்தா வாங்கலாம்."

"களவு என்று நான் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானவே!"

அதுவரை என்னைச் 'சார்வாள்' என்று அழைத்தவர் 'வே'க்கு இறங்கியிருந்தார். இருட்டும் நேரத்தில் தேடலை நிறுத்திக் கொட்டகையைப் பூட்டினோம். லாட்ஜில் இரண்டு இட்டிலி தின்றுவிட்டுப் படுத்தேன். அல்வா வாங்கிவரச் சொன்னவர்களின் பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கக்கூட மனமில்லை.

சனிக்கிழமை காலை நான் போனபோது எல்லார் முகமும் தெளிந்திருந்தது. காப்பி வந்தது, கூடவே ஒரு தட்டு முறுக்கும் வந்தது. அண்ணாச்சி கட்டையைக் காட்டினார். "கெடச்சிட்டு சார்வாள். பெஞ்சுக்கு அடியிலதான் கெடந்திருக்கு. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். இருபத்துநாலு இருந்தது. பதினேழாவது துளையில் இருந்ததை எடுத்தேன். விரலில் புது எண்ணெய்ப் பசை ஒட்டியது. காம்பில் எண் இல்லை. கடைக்காகிதத்தின் மடிப்புக்கூட அந்த எண்ணெயில் கோடாகத் தெரிந்தது.

"சேசையா, இது எங்கே கிடைத்தது?"

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பையன்கள் எட்டுப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெடைக்கல சார். அது புதுசு. காலையில ஜங்ஷன்ல வாங்குனது."

அண்ணாச்சி சேசையாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஆனால் அவர் பேசியது என்னிடம்தான். குரலில் கோபமில்லை, நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"ஊரு விட்டு ஊரு வந்த மனுசன். ஒரு இரும்புத் துண்டுக்காவ நேத்து சரியாச் சாப்பிடாமப் போனிய. மனசு கேக்கல. விருந்தாளி மொகம் வாடுனா எங்களுக்கு ஆவாது. எண்ணிக்கை சரியாயிட்டுல்லா, பொறவு என்ன?"

எங்கள் தொழிலில் தொலைந்த கருவியைவிட மோசமானது, தொலைந்ததற்குப் பதிலாக வைத்த கருவி. முதலாவதைத் தேடுவார்கள். இரண்டாவதை யாரும் தேடமாட்டார்கள். அந்த மனிதரோ அதை எனக்குச் செய்த உபசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இதைத் தேர்ச்சி என்று என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு முறுக்கைத் தொடாமல் எழுந்தேன்.

ஜங்ஷன் எஸ்டிடி பூத்திலிருந்து என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் கன்னடத்தில் சொன்னது இது: "ஏன் சாமி இப்படி அலட்டிக்கொள்கிறாய்? சரி என்று எழுதிவிட்டு வா. இங்கே வந்தால் எப்படியும் நாம் முதலிலிருந்துதானே சொல்லிக்கொடுக்கப் போகிறோம்."

பொய்யான எண்ணிக்கைக்கு என் கையெழுத்து கிடைக்காது என்றேன். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பேசியது எனக்கே பிடித்திருந்தது. சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்தேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது முழங்கால் வலி கொஞ்சம் மறந்தது.

லாட்ஜுக்குத் திரும்பினால் வாசலில் சேசையா நின்றுகொண்டிருந்தார். மன்றாட வந்திருக்கிறார் என்று நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம சார். எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. வேல வேற, சாப்பாடு வேற. நான் மொதல்லயே வீட்டுல சொல்லிட்டேன்."

போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அவர் மனம் நோகும் என்று போனேன்.

உவரிப் பேருந்தில் வெற்று மீன்கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. ஊர் நெருங்க நெருங்க மண் சிவந்து, பனையும் உடைமரமுமாக மாறி, பிறகு காற்றில் உப்பு வந்தது. பூசை முடிந்து வெள்ளைச் சட்டைகளும் புதுச் சேலைகளுமாகக் கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். சேசையா என்னைக் கடற்கரை வழியாக அழைத்துப்போனார். கட்டுமரத்தின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிறுத்தினார்.

"நீருதான் ஏரோப்ளேன் கட்டுத ஆளா? ஓட்டை விழுந்தா எதக்கொண்டு அடைப்பிய? தாரா?"

"தகடு வைத்து ரிவெட் அடிப்போம்."

"அது ஒழுவாதோ?"

"ஒழுகாது."

"எங்களுக்கு ஒழுவுனா இறைச்சுக்கிடுவோம். உங்களுக்கு இறைக்கதுக்கு அங்கன என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். சேசையாவும் சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சீலா மீன் குழம்பு, பொரித்த நெத்திலி, குவியலாகச் சோறு. சேசையாவின் மனைவி செலின் பரிமாறினார். சேசையா கைகழுவப் பின்பக்கம் போனதும், குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இவிய உள்ளதச் சொன்னதுக்குத்தான் வேல போவுதா சார்?"

எனக்குத் தொண்டையில் முள் மாட்டவில்லை. மாட்டியதுபோல இருமினேன். பதில் சொல்லாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. அவர் சோற்றை உருட்டிக் கையில் தந்து, "அப்பிடியே முழுங்குங்க, முள்ளு எறங்கிரும்," என்றார். விழுங்கினேன். அவமானமாக இருந்தது.

இரண்டரை மணிப் பேருந்தில் திரும்பினேன். அரை மணி நேரம்கூட ஓடியிருக்காது, பின்சக்கரம் வெடித்து வண்டி பனங்காட்டு ஓரத்தில் நின்றது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதைத் தூக்கும் ஜாக்கி இல்லை. எடுத்துவர நடத்துநர் ஒரு சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனார். ஆண்கள் இறங்கிப் பனைநிழலில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் தன் மீன்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மீனு கெட்டா யாரு பொறுப்பு?" என்று எல்லாரையும் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சும்மா இருக்கும் நேரத்தில் அறிக்கையை எழுதிவிடலாம் என்று பதிவேட்டை எடுத்தேன். 'தேர்ச்சி பெறவில்லை. காரணம்:' என்று எழுதினேன். காரணத்தை எழுதக் கை ஓடவில்லை. பதிவேட்டை மூடி மறுபடி திறந்தபோது, முதுகுத் துணிக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்து மெல்லிய கம்பி போல ஒன்று நழுவி மடியில் விழுந்தது.

டிரில் பிட். காம்பில் பதினேழு என்று பொறித்திருந்தது.

வெள்ளிக்கிழமை லென்ஸில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணாச்சி என் தோளைப் பிடித்துச் சொதி சாப்பிட இழுத்திருக்கிறார். கையில் இருந்ததைப் பதிவேட்டின் முதுகில் செருகியிருக்கிறேன். பேனாவை எப்போதும் அங்கேதான் செருகுவேன். எட்டுப் பையன்களின் பைகளைத் தடவியபோது, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

பனங்காட்டில் அடித்த காற்று நெருப்பாக இருந்தது. முதலில் வந்த நினைப்பு நல்லதில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இதைப் பனங்காட்டுக்குள் எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கருவியைத் தொலைத்த பரிசோதகனிடமிருந்து பரிசோதனை முத்திரையை வாங்கிக்கொள்வார்கள். தானே வந்து சொன்னவனுக்கு உள்ள மன்னிப்பு பரிசோதகனுக்குக் கிடையாது. ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கும்போது அதை இழந்தால், கேன்டீனில் எல்லாரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். பனங்காட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செலின் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

எதிரே உவரிப் பக்கம் ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒரு மீன்வண்டி வந்தது. கையைக் காட்டினேன். ஐஸ் பெட்டியின் மேல் சாக்கு விரித்து உட்காரச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது வேட்டி பின்னால் முழுக்க நனைந்திருந்தது.

சேசையா கடற்கரையில் அண்ணனுடைய படகுக்கு ஏதோ மராமத்து செய்துகொண்டிருந்தார். நான் டிரில் பிட்டை நீட்டினேன். வாங்கி, காம்பைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்.

"எங்கன கெடந்துச்சு சார்?"

"என்னிடம்தான். பதிவேட்டுக்குள்."

படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிட்டை விரல்களில் உருட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தப் பிள்ளைய பையத் தடவிப் பாத்தேனே சார்," என்றார் கடைசியில். "ஒருத்தன் அழுதுட்டான். என்னயே நம்பலியா சார்ன்னு கேட்டான். அவனுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"நான் சொல்கிறேன்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவனுவகிட்டச் சொல்லுங்க, போதும்."

திங்கட்கிழமை காலை முதலில் அண்ணாச்சியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதுக்கா இம்புட்டு வருத்தம்? நீங்க மறந்தாப்புல வச்சிய, நான் ஒண்ண வாங்கி வச்சேன். ரெண்டும் சரியாப்போச்சு. நமக்குள்ள இருக்கட்டும் சார்வாள். நீங்க பாஸுன்னு எழுதுங்க. உங்களுக்கும் நல்லது, சேசையாவுக்கும் நல்லது."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லாததுபோல்தான் கேட்டது. சேசையாவின் வேலை தங்கும், என் முத்திரை தங்கும், ஐந்து நிமிஷத்தில் ரயிலுக்குக் கிளம்பலாம். நான் மிகவும் களைத்திருந்தேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. ஜன்னலுக்கு வெளியே சேசையா கொட்டகையைத் திறந்து, பையன்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இல்லை அண்ணாச்சி. நான் சொல்லியாக வேண்டும்," என்றேன். அவரை அண்ணாச்சி என்று நான் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கொட்டகையில் பையன்களை நிற்கவைத்து, பெஞ்சின்மேல் பதினேழாம் எண்ணை வைத்தேன். அது என்னிடம் இருந்தது, எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைத் தடவிப் பார்த்தபோது என் கக்கத்தில் இருந்தது என்றும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். என் மகன்களைவிடச் சின்னப் பையன்கள். முன்வரிசையில் ஒருவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அழுதவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

அறிக்கையை வாசித்தும் காட்டினேன். 'கருவி தொலையக் காரணம் பரிசோதகர். அதற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்பட்டது. அதைப் பயிற்றுநர் மறைக்காமல் தெரிவித்தார். இந்தப் பரிசோதனை செல்லாது. வேறொரு பரிசோதகர் வந்து புதிதாகப் பார்க்க வேண்டும்.'

"வேற ஆளு எப்ப வருவாரு?" வாசற்படியில் நின்று அண்ணாச்சி கேட்டார். அவர் வந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஆறு மாதம் ஆகலாம்."

"அப்ப ஜூன் தாண்டிரும்."

"தாண்டிவிடும்."

சேசையா பதினேழாம் எண்ணை எடுத்துத் துடைத்து, கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். "எண்ணுங்கலே," என்றார். வெள்ளிக்கிழமையைவிட மெதுவாக, பையன்கள் எண்ணத் தொடங்கினார்கள். இருபத்துநாலில் முடியவில்லை.

"இருபத்தஞ்சு சார்."

"சரியாலே?"

"தப்பு சார். ஒண்ணு கூட இருக்கு."

"கூட இருந்தாலும் தப்பா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"தப்புதான் அண்ணாச்சி," என்றார் சேசையா. "எதுல இருந்து வந்துச்சுன்னு தெரியாம வேலைய மூட முடியாது. வச்சவிய சொல்லணும்."

யார் வைத்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாசற்பக்கம் திரும்பவில்லை. கூரையிலிருந்து உமி உதிர்ந்தது. எனக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கட்டைக்கு முன்னால் குனிந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு காம்பாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். இரண்டு முறை தவறானதைத் தொட்டார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்றாம் முறை எண் இல்லாததைக் கண்டுபிடித்து உருவி எடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பினார். 

"இத வச்சது நாந்தாம்லே," என்றார். "பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சுன்னு சொன்னதும் பொய்தான்."

எட்டுப் பையன்களும் வாயைத் திறக்கவில்லை. தானே வந்து சொன்னவரை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று சேசையா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அண்ணாச்சி அதை மடியில் செருகிக்கொண்டார். "ஆறு மாசந்தானே சேசையா. கிளாஸ் நடக்கட்டும். கம்ப்யூட்டர மாடியில போட்டுக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு, பையன்களோடு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சேசையா பதினேழாம் எண்ணை அதன் துளையில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மறுபடி எண்ணச் சொன்னார். இந்தத் தடவை அண்ணாச்சியும் சேர்ந்து எண்ணினார். இருபத்துநாலு வந்தது.